தாத்தாவோட மேஸி 1035: ஓட வைக்கலாமா, எடைக்குப் போட்டுடலாமா?

பென்னாகரம் மேட்டுக்காடு:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேக்கணும், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க. எங்க தாத்தா வாங்குன மேஸி பெர்குசன் 1035 டிராக்டர், ஆர்.சி. புக்குல 1988னு இருக்கு, ஆறு வருசமா கொல்லையில புளியமரத்தடியில நிக்குது. தாத்தா படுக்கையில விழுந்தப்ப நிறுத்துனது, அவர் போயி நாலு வருசம் ஆச்சு, அதுக்கப்புறம் யாரும் சாவியக் கூட கையில எடுக்கல. நான் ஓசூர்ல கம்பெனி வேலை, ஞாயித்துக்கெழமை மட்டும்தான் ஊருக்கு வர்றேன். போன வாரம் பழைய இரும்பு எடுக்கறவரு வந்து ரெண்டு சுத்து சுத்திப் பாத்துட்டு மொத்தமா 45 ஆயிரம் தர்றேன்னாரு. அப்பா குடுத்துடலாம்ங்கறாரு, இடமாவது மிச்சம்னு. எனக்கு மனசு வரல.

நெலமை என்னன்னா, பேட்டரி இல்ல. பின் டயர் ரெண்டும் பாளம் பாளமா வெடிச்சிருக்கு. லிப்டு ஓடுன காலத்துலயே நிக்காது, கலப்பையத் தூக்கி வெச்சிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தா அது தரையில உக்காந்துகினு இருக்கும். சைலன்சர் வாயில தாத்தா எப்பவும் ஒரு பால் பவுடர் டப்பாவக் கவுத்து வெப்பாரு, மழைத்தண்ணி எறங்கக் கூடாதுன்னு. இப்ப போய்ப் பாத்தா அந்த டப்பா கீழ துரு புடிச்சு கெடக்கு, எப்ப காத்துக்கு விழுந்துச்சோ தெரியல.

ஒரு பேட்டரி வாங்கி மாட்டி செல்ப் அடிச்சுப் பாக்கலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. உங்க வீட்லயும் பழைய வண்டி இருந்தா அதப்பத்தியும் எழுதுங்க, படிக்க ஆசையா இருக்கு.

காரிமங்கலம் ஸ்பேனர்:
தம்பி செல்ப் அடிக்காத. மொதல்ல அதச் சொல்லிடறேன், மத்தது அப்புறம்.

டப்பா விழுந்து கெடக்குன்னு சொன்ன பாரு, அங்கதான் விசயமே இருக்கு. மூணு சிலிண்டர்ல ஏதாவது ஒண்ணுல எக்ஸாஸ்ட் வால்வு தொறந்த மாதிரியே நின்னிருக்கும், மழைத்தண்ணி சைலன்சர் வழியா நேரா உள்ள எறங்கியிருந்தா சிலிண்டர் லைனரும் பிஸ்டன் ரிங்கும் துருவேறி ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கும். அதோட விட்டாலும் பரவால்ல, பிஸ்டன் மேல தண்ணி தேங்கி நிக்கறப்ப நீ செல்ப் அடிச்சா தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். அப்புறம் இரும்புக்காரரு சொன்ன வெலைதான் உனக்கு.

செய்ய வேண்டியது இதான். சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சற மூணு நாசிலையும் கழட்டு. அந்த ஓட்டை வழியா டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிப்பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஒரு டம்ளர் ஊத்து. ரெண்டு நாள் அப்படியே விடு, அவசரப்படாத. அப்புறம் கியர் நியூட்ரல்ல இருக்கான்னு பாத்துட்டு கிராங்க் புல்லி நட்டுல பெரிய ஸ்பேனர் போட்டு முன்னயும் பின்னயும் மெதுவா அசை. சுத்தியல எடுத்து அடிக்கறது, ஸ்பேனர் மேல ஏறி குதிக்கறது எல்லாம் வேணாம். நவரலன்னா மறுபடி ஊத்து, மறுபடி ரெண்டு நாள். நவந்துருச்சுன்னா நாசில் மாட்டாமலே நல்லா சுத்தி விடு, உள்ள இருக்கற தண்ணி எல்லாம் பீச்சி அடிக்கும், மூஞ்சியக் கிட்ட வெச்சிப் பாக்காத. அப்புறமா இன்ஜின் ஆயில், டீசல் பில்டர் எல்லாம் மாத்து, டேங்க்ல இருக்கற பழைய டீசல ஒரு சொட்டு விடாம வடி, ஆறு வருசத்து டீசல் பம்புல பிசின் மாதிரி ஒட்டிக்கும். பம்ப தருமபுரியில பம்பு நாசில் பாக்கற கடையில குடுத்து பெஞ்ச்ல போட்டுப் பாக்கச் சொல்லு.

லிப்டு நிக்காதது பெரிய நோவு இல்ல, பெரும்பாலும் உள்ள இருக்கற பிஸ்டன் ரிங்கோ ஓரிங்கோ தேஞ்சிருக்கும். ஆனா உங்க தாத்தா சீட்டுக்கு வலது பக்கம் இருக்கற ரெண்டு லீவர்ல ஒண்ண மட்டும்தான் தொட்டிருப்பாருன்னு பந்தயம் கட்டறேன். நம்ம பக்கம் எல்லாரும் அப்படித்தான். ஒண்ணு கலப்பைய எந்த உயரத்துல நிறுத்தணுமோ அதுக்கு, இன்னொண்ணு இழுவைக்கு. நம்ம சரளை நெலத்துல கலப்பை கெட்டியான எடத்துல மாட்டுனா கலப்பையோட மேல் பக்கத்த வண்டியோட சேக்கற டாப் லிங்க் கம்பி பின்னாடி இருக்கற பெரிய ஸ்பிரிங்க அமுக்கும், ஸ்பிரிங் அமுங்குனா லிப்டு தானா கலப்பைய ஒரு இஞ்சு தூக்கிக் குடுக்கும், தாண்டுனதும் எறக்கும். ஹாரி பெர்குசன்னு ஒரு அயர்லாந்துக்காரரு யோசிச்ச வேலை இது. அதுக்கு முன்னாடி கலப்பை பாறையில மாட்டுச்சுன்னா முன் சக்கரம் தூக்கி வண்டி பின்னால கவுந்து ஆளையே அமுக்கிடும். அவரு கம்பெனிய 1953ல மேஸி ஹாரிஸ் வாங்குனாங்க, 1958ல மேஸி பெர்குசன்னு பேரு வந்துச்சு, 1960ல நம்ம சென்னையில இந்த வண்டியப் போடற டாபே கம்பெனிய ஆரம்பிச்சாங்க. இன்ஜினும் சென்னைதான், சிம்ப்சன். அதனாலதான் இன்னிக்கும் இதுக்கு சாமான் கெடைக்காம போகல.

எடைக் கணக்கும் ஒரு தடவ போட்டுக்க. வண்டி 1,700 கிலோ சொச்சம். 45 ஆயிரம்னா கிலோ 26, 27 ரூபா. வெறும் இரும்பு வெலை.

ஜீட்டர் வீட்டுப் பையன்:
ஸ்பேனர் அண்ணன் மேஸி கட்சி, நான் ஹெச்.எம்.டி. கட்சி, சண்டை வேணாம். 😀

எங்களுது காவேரிப்பட்டணம் பக்கம், மாந்தோப்பு. அப்பாகிட்ட ஜீட்டர் 2511 இருந்துச்சு, 25 குதிரை, ரெண்டே சிலிண்டர். ஹெச்.எம்.டி. கம்பெனி செக்கோஸ்லோவாக்கியா ஜீட்டரோட சேந்து ஹரியானா பிஞ்சோர்ல 1971ல போட ஆரம்பிச்ச வண்டி. அப்பா கையில கட்டியிருந்த வாட்சும் ஹெச்.எம்.டி.தான், சின்ன வயசுல ரெண்டுக்கும் ஒரே மாதிரி சாவி குடுப்பாங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன்.

அது சத்தம் இருக்கே, டபடபடபன்னு தனித்தனியா எண்ணலாம். பெங்களூரா மாங்கா லோடு ஏத்திகினு கூழ் பேக்டரிக்குப் போயி ராத்திரி முழுக்க வரிசையில நின்னுட்டு விடிகாலையில திரும்பி வருவாரு, ஊர் எல்லையில வர்றப்பவே அம்மா அடுப்புப் பத்த வெச்சிடுவாங்க, சத்தத்துலயே தெரிஞ்சிடும் காலி வண்டியா லோடு எறங்காம திரும்பி வருதான்னு. மாங்கா எறங்காம வந்தா அந்த சத்தமே வேற. அன்னிக்கு யாரும் அவர்கிட்ட பேச்சுக் குடுக்க மாட்டோம்.

கேவுரு அடிக்கறதும் அதுலதான். களத்துல தாள விரிச்சிப் போட்டு மாட்டுக்குப் பதிலா ஜீட்டர் பின்னாடி கல்லு உருளையக் கட்டி சுத்துறது. மாடு நாள் முழுக்க சுத்தறத இது ஒரு மணி நேரத்துல முடிச்சிடும், ஆனா தாளு டீசல் வாசம் அடிக்குதுன்னு பாட்டி கடைசி வரைக்கும் திட்டிகினேதான் இருந்துச்சு. மாடு திங்கலன்னு சொல்லும். மாடு நல்லாத்தான் தின்னுச்சு.

ஹெச்.எம்.டி. டிராக்டர 2016ல மூடறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. நாங்க அதுக்கு முன்னாடியே வித்துட்டோம். வாங்குனவரு அத தண்ணி டேங்கர் இழுக்க வெச்சிருந்தாரு, ஒரு நா ராயக்கோட்டை ரோட்ல எதிர்க்க வந்துச்சு, பைக்க ஓரங்கட்டிட்டு சத்தம் மறையற வரைக்கும் நின்னேன். குடுக்காதீங்க ப்ரோ.

மாந்தோப்பு மொதலாளி:
எனக்கு வேணும், சும்மா ஷோவுக்கு நிறுத்த. 60 தர்றேன். நம்பர் அனுப்புங்க.

காரிமங்கலம் ஸ்பேனர்:
நம்பரெல்லாம் இங்க பொதுவுல போடாதப்பா. இன்ஜின் சுத்துதா இல்லையான்னே தெரியல, அதுக்குள்ள ஏலமா.

ஊத்தங்கரை மருமக:
எல்லாரும் ஆகா ஓகோன்னு எழுதறீங்க, நானும் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்லயும் பழைய வண்டிதான், என்ன கம்பெனின்னு சொல்லல. என் மாமனாரு நெலத்த அடமானம் வெச்சி லோன் போட்டு வாங்குனது, ரெண்டு வருசம் மழை இல்ல, தவணை நின்னுபோச்சு. வண்டிய ஜப்தி பண்ண ஜீப்புல வந்துட்டாங்க, என் மாமியாரு தாலிக்கொடிய வெச்சித்தான் அன்னிக்கு வண்டி நின்னுச்சு. ஊர்ல எல்லாரும் டிராக்டர் வீடுன்னு சொல்லுவாங்க, அந்த டிராக்டர் வீட்ல அந்த வருசம் பொங்கலுக்கு யாருக்கும் துணி எடுக்கல.

அப்புறம் பிரேக்கு. அண்ணங்க யாரும் அதப்பத்தி ஒரு வார்த்தை எழுதல. டிராக்டர்ல பிரேக் மிதி ரெண்டு இருக்கும், இடது சக்கரத்துக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு, கொல்லையில மூலை திரும்பறதுக்கு ஒண்ண மட்டும் மிதிப்பாங்க. ரோட்டுக்கு வர்றப்ப ரெண்டையும் கொக்கி போட்டு ஒண்ணா சேத்துக்கணும். என் வீட்டுக்காரரு கொல்லையில இருந்து நேரா கரும்பு லோடோட ரோடு ஏறுனவரு கொக்கி போட மறந்துட்டாரு. எறக்கத்துல குறுக்க ஆடு வந்துச்சு, மிதிச்சாரு, ஒரு பக்கம் மட்டும் புடிச்சு வண்டி இழுத்துகினு போயி டிரைலர் ஓடையில சாஞ்சிடுச்சு. உசுருக்கு ஒண்ணும் ஆகல, ஆனா இடுப்பு இன்னும் சரியாகல, குனிஞ்சு ஒரு குடம் தூக்க மாட்டாரு. மட்கார்டு மேல என் பையன் எப்பவும் உக்காந்து போவான், அன்னிக்கு ஸ்கூல் இருந்ததால வரல. அத நெனச்சா இப்பவும் கை நடுங்குது.

தாத்தா ஞாபகம் வேணும்னா வெச்சிக்கோங்க தம்பி, வேணாம்னு சொல்லல. ஓட்டறதுன்னா மொதல்ல பிரேக்கு, அப்புறம்தான் பெயிண்டு. பின்னாடி மாட்டற கருவிய இன்ஜின் வேகத்துல ஓட்டறதுக்குன்னு சுத்தற பி.டி.ஓ. சாப்ட்டுக்கு மூடி இருக்கான்னும் பாருங்க, துண்டு, லுங்கி, புடவை எது பட்டாலும் இழுத்துக்கும், ஒரு நிமிசத்துக்கு 540 சுத்து, கத்தறதுக்குக் கூட நேரம் இருக்காது.

கம்ப்ரசர்காரன்:
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. கொக்கி விசயத்துல நானே தப்பு பண்ணியிருக்கேன்.

நம்ம கதை வேற. நான் உழவே ஓட்டுனதில்ல, கெணறு வேலை. எங்க மொதலாளிகிட்ட ஃபோர்டு 3600 நீலக்கலரு, பின்னாடி கம்ப்ரசர் மாட்டுனது. அரூர், மொரப்பூர், கடத்தூர் பக்கம் பூரா பாறைக் கெணறுதான், மேல இருபது அடி மண்ணு, அப்புறம் கருங்கல்லு. வண்டியக் கெணத்து மேட்டுல நிறுத்திட்டு கை ஆக்சிலேட்டர ஏத்தி வெச்சிட்டா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நின்ன எடத்துலயே கத்திகினு கெடக்கும். ரப்பர் ஓஸ் கெணத்துக்குள்ள எறங்கும், கீழ நாங்க அந்தக் காத்துல ஓடற ஜாக்கேமர் புடிச்சு பாறையில குழி போடுவோம், பொழுதுசாய வெடி. மேல இன்ஜின் சத்தம் லேசா மாறுனாலும் கீழ இருக்கறவனுக்கு மொதல்ல தெரியும், காத்து கொறையும் பாருங்க. கீழ இருந்துகினே டேய் ரேடியேட்டர்ல தண்ணி பாருடான்னு கத்துவோம்.

ஒரு இன்ச்சு நவராம அந்த வண்டி ஓடுன ஓட்டத்துக்கு கிலோமீட்டர் கணக்கு போட்டா டெல்லிக்குப் பல தடவ போயிட்டு வந்திருக்கும். அப்புறம் திருச்செங்கோட்டு ரிக்கு வண்டிங்க வந்துச்சு, ஒரே ராத்திரியில ஆயிரம் அடி போட்டுட்டுப் போயிடறான், கெணறு வெட்ட யாரு கூப்புடுவா. ஃபோர்டு பாவம் அதுக்கப்புறம் வேலை இல்லாமலே துருப்புடிச்சுது. ஓடறப்ப வராத நோவு நிறுத்துனாத்தான் வரும், மனுசனுக்கும் அப்படித்தான்னு எங்க மொதலாளி சொல்லுவாரு, அவரும் படுத்துட்டாரு.

தேன்கனிக்கோட்டை குளிர்:
எங்க தளி பக்கம் மார்கழியில வந்து பாருங்க, பழைய வண்டிய ஸ்டார்ட் பண்றது ஒரு தனி கலை. எங்களுது இன்டர்நேஷனல் பி 275. ராத்திரி வீட்டுக்கு வந்தாலும் மேட்டுலதான் நிறுத்தணும், சமதரையில நிறுத்துனவனுக்கு காலையில தள்ளற தண்டனை. ஹீட்டர் சாவியத் திருப்பி இருபது எண்ணுவோம், வரலன்னா ரேடியேட்டர்ல சுடுதண்ணி, அதுக்கும் வரலன்னா மேட்டுல இருந்து உருட்டி ரெண்டாவது கியர்ல கிளட்ச் விடறது. வெள்ளப் பொகை ஊரையே மூடிடும். இப்ப பையன் புது வண்டி வெச்சிருக்கான், சாவி போட்டா ஒரே சத்தம். நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்லக்கூடாது. ஆனா சென்சார் ஒண்ணு போச்சுன்னு நாலு நாள் சும்மா நின்னுச்சு, லேப்டாப் எடுத்துட்டு ஒருத்தர் வந்துதான் சரி பண்ணாரு. பி 275 எனக்கு எப்பவும் ஒரு ஸ்பேனர் செட்டுக்கு மேல கேட்டதில்ல.

ஆர்.சி. தாத்தா பேர்லயே இருக்கும்னு நெனைக்கறேன். 15 வருசம் தாண்டுனா அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவ ரினீவல், வாரிசு சான்றிதழ் வெச்சி அப்பா பேருக்கு மாத்திட்டு அதையும் பாத்துடுங்க.

பென்னாகரம் மேட்டுக்காடு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சிடுங்க, ஷிப்டு.

ஸ்பேனர் அண்ணா நீங்க சொன்ன மாதிரியே நாசில் மூணையும் கழட்டுனேன். மொத ரெண்டு வந்துடுச்சு, மூணாவது அசையல, அரை நாள் டீசல் ஊத்தி ஊற வெச்சிதான் எடுத்தேன். ரெண்டாவது ஓட்டையில டார்ச் அடிச்சா தண்ணி பளபளன்னு தெரியுது, டப்பா விழுந்த கதை நெசம்தான். துணி கட்டுன கம்பிய விட்டு ஒத்தி ஒத்தி எடுத்தேன், காப்பி கலர்ல வந்துச்சு. டீசலும் ஆயிலும் ஊத்திட்டு ஓசூர் போயிட்டேன்.

வேணாம் வேணாம்னு சொல்லிகினு இருந்த அப்பா புதன்கெழமை போன் பண்ணி, இன்னும் கொஞ்சம் ஊத்தவா, கொறைஞ்ச மாதிரி இருக்குங்கறாரு. தெனமும் போய் எட்டிப் பாத்திருக்காரு போல.

நேத்து காலையில நானும் அவரும் ஸ்பேனர் போட்டு அசைச்சோம். மொத அரை மணி நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் கடக்குன்னு ஒரு சத்தம், உடைஞ்சிடுச்சுன்னே நெனச்சேன், பாத்தா புல்லி ஒரு விரக்கடை நவந்திருக்கு. திருப்பி இழுத்தா பழைய எடத்துக்கு வருது. மத்தியானத்துக்குள்ள அரை சுத்து வந்துருச்சு, அதுக்கு மேல போகல, அங்க வந்து இடிக்குது. பலமா இழுக்கவா, இல்ல மறுபடி ஊத்திட்டு அடுத்த ஞாயிறு வரைக்கும் விடவா?

இரும்புக்காரருகிட்ட அப்பாவே சொல்லிட்டாரு. சைலன்சர் மேல இப்போதைக்கு புது டப்பா ஒண்ணு கவுத்து கம்பி போட்டுக் கட்டியிருக்கேன்.

காரிமங்கலம் ஸ்பேனர்:
இழுக்காத. ஊத்திட்டு விடு. வர்ற ஞாயித்துக்கெழமை நானே வர்றேன், டாப் கவர் கழட்டி வால்வு ஏதாவது ஒட்டிகினு நிக்குதான்னு பாப்போம்.