வயிறு ஒத்துக்கொள்ளாத நாய்களுக்கு வீட்டில் சுடும் தானியமில்லா பிஸ்கட்: உங்கள் அனுபவம் என்ன?

செவலைஅம்மா, கோட்டூர்புரம்

செவலை எங்கள் தெருவிலேயே பிறந்த நாட்டு நாய். கோதுமை பட்டால் வயிறு கெட்டுவிடும். டாக்டர் ஒவ்வொன்றாக நிறுத்தி, திரும்பக் கொடுத்துப் பார்த்துதான் அதை உறுதி செய்தார், அந்த நீண்ட கதை இப்போது வேண்டாம். அரிசி சாதத்துக்கும் வயிறு உப்புகிறது என்பதால் வீட்டில் மஞ்சள் பூசணி, கடலை மாவு, முட்டை போட்டு நானே பிஸ்கட் சுடுகிறேன். உங்களில் பாதிப் பேர் இதைச் செய்பவர்கள்தான்.

நான் எழுத வந்தது எங்கள் முனை டீக்கடை அண்ணனைப் பற்றி. செவலை குட்டியாகக் குப்பைத்தொட்டிப் பக்கம் திரிந்த காலத்திலிருந்தே தினமும் காலையில் அவனுக்கு ஒரு பொரை (டீக்கடையில் விற்கும் மைதா ரொட்டி) கொடுத்தவர் அவர். நாங்கள் அவனை வீட்டுக்குள் எடுத்த பிறகும் வாக்கிங் போகும்போது அது தொடர்ந்தது. இனிமேல் பொரை வேண்டாம் அண்ணா, வயிற்றுக்கு ஆகவில்லை என்று சொன்னேன். "இன்னாமா, நான் இன்னா விஷமா குடுக்கறேன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுபோய் அவரிடமே கொடுத்து, இதை நீங்களே உங்கள் கையால் கொடுங்கள் என்றேன். ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தார், மோந்து பார்த்தார், ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள், அவர் நிதானமாக மென்றுகொண்டே இருக்கிறார். "உப்பும் இல்ல, இனிப்பும் இல்ல. பாவம்மா இவன்." மீதிப் பாதியைச் செவலைக்கு நீட்டினார். அவன் ஒரே வாயில் விழுங்கிவிட்டு மறுபடியும் பொரை பாட்டிலைத்தான் அண்ணாந்து பார்த்தான். அண்ணன் கை தன்னால் பாட்டிலுக்குள் போய்விட்டது, பிறகு என்னைப் பார்த்துவிட்டு வெறுங்கையாக வெளியே எடுத்து மூடியைத் திருகினார்.

அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்காத காலத்தில் அவனுக்குச் சோறு போட்டவர் அவர். உங்களுக்கு இப்படி யாரிடமாவது சொல்ல வேண்டி வந்ததா?

ஈசிஆர்வாசி

எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. நீலாங்கரைப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, வீட்டில் செய்த பொருட்கள் விற்பார்கள். ஒரு மேசையில் நாய் பிஸ்கட், எலும்பு வடிவத்தில், அழகான காகிதப் பையில், மேலே தானியம் இல்லாதது என்று எழுதியிருந்தது. தானியம் ஆகாத எங்கள் ஷிட்சு நாய் மேசைக்குக் கீழே நின்ற நேரத்திலேயே அந்தப் பெண் ஒரு துண்டைச் சாம்பிளாக அவன் வாயில் போட்டுவிட்டாள். நான் பையைத் திருப்பினால் பின்னால் ஒன்றும் எழுதவில்லை. என்னம்மா சேர்த்திருக்கிறீர்கள் என்றேன். "சுத்தமானது சார், கோதுமை, மைதா எதுவும் கிடையாது, வெறும் ஓட்ஸும் கேழ்வரகும்தான்" என்றாள்.

அங்கேயே மண்டியிட்டு அவன் வாய்க்குள் விரலை விட்டு அந்தத் துண்டை எடுத்தேன். சுற்றி நின்றவர்கள் என்னை ஏதோ கொடுமைக்காரன் போலப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏமாற்றுகிறவள் இல்லை, கோதுமையை விட்டால் போதும் என்று மனதார நம்பியிருக்கிறாள். ஓட்ஸ், கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, மக்காச்சோளம் எல்லாமே தானியம்தான். பையில் என்ன எழுதியிருந்தாலும் சரி, வாயைத் திறந்து கேளுங்கள், பதில் சரியாக வராவிட்டால் வாங்காதீர்கள்.

சிப்பிப்பாறைக்காரன், பெரம்பூர்

மேலே எழுதிய இருவரும் வருத்தப்படக் கூடாது, ஆனால் இந்தத் தானியப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. எனக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம். எங்கள் தாத்தா வீட்டுச் சிப்பிப்பாறைகள் கம்மங்கஞ்சியும் கேழ்வரகுக் கூழும் குடித்துத்தான் முயல் துரத்தின. நாய் ஓநாய் இல்லை. 2013-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இதைத்தான் காட்டியது: மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் மரபணு ஓநாய்க்கு இருப்பதைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகப் பிரதிகளாக இருக்கிறது. மனிதனோடு சேர்ந்து சோறு தின்று பழகிய பிராணி.

என் அனுபவம் சின்னது. இப்போது இருக்கிற நாய்ப் பையன் காதைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டான், கூடவே கொழகொழவென்று மலம். நெட்டில் பார்த்துவிட்டு வீட்டில் எல்லாத் தானியத்தையும் நிறுத்தி, சிக்கன் ஈரலை அரைத்து பிஸ்கட் சுட ஆரம்பித்தார்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டியபோது ஒரு இளம் டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தவர், பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "சோறை நிறுத்தினீங்க சரி, சிக்கனை நிறுத்திப் பாத்தீங்களா?" என் மனைவி கையில் அந்த ஈரல் பிஸ்கட் பை இருந்தது. அவள் அதை மெதுவாகக் கைப்பைக்குள் தள்ளினாள்.

அவனுக்கு ஆகாதது கோழிதான். இது அபூர்வம் இல்லை. நாய்களின் உணவு ஒவ்வாமை பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் ஒரு கட்டுரை வந்தது, அதில் முதலிடம் மாட்டிறைச்சிக்கு, பிறகு பால் பொருட்கள், பிறகு கோழி, கோதுமை அதற்கும் அப்புறம்தான். நம் ஊரில் தயிர் சாதம் போட்டு வளர்க்கிறோம், வயிறு கெட்டால் சாதத்தைத் திட்டுகிறோம், தயிரை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆகவே பிஸ்கட் சுடுவதற்கு முன் என்ன ஆகவில்லை என்று கண்டுபிடியுங்கள். டாக்டர் மேற்பார்வையில் சுமார் எட்டு வாரம், அது வரை தின்னாத ஒரே ஒரு மாமிசம், அதோடு ஒரே ஒரு மாவுப் பொருள், வேறெதுவும் கூடாது. பிஸ்கட் கூடாது, பொரை கூடாது, வாசனை சேர்த்த பூச்சி மாத்திரைகூடக் கூடாது, அதற்குப் பதில் வேறு கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் குழந்தைகளும் பாட்டிகளும் இருந்தால் அவர்களிடம் முதலில் பேசுங்கள், பாதிச் சோதனைகள் அங்கேதான் உடைகின்றன.

இன்னொன்று. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 ஜூலையில் எச்சரிக்கை விட்டது. பட்டாணி, பருப்பு வகை, உருளைக்கிழங்கு பிரதானமாக உள்ள தீவனம் தின்ற நாய்களுக்கு இதயம் பெருத்துப் பலவீனமாகும் நோய் வருவதாகப் புகார்கள் வந்தன, அவற்றில் பல தானியமில்லாத் தீவனங்கள். கடலை மாவை அள்ளி அள்ளிப் போடுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

செவலைஅம்மா, கோட்டூர்புரம்

பெரம்பூர் அண்ணா, தானியம் விஷம் என்று நான் எங்கே எழுதினேன்? என் நாய்க்குக் கோதுமை ஆகாது என்று நிறுத்திப் பார்த்து, கொடுத்துப் பார்த்து, டாக்டர் சொன்னது. நீங்கள் சொன்ன அதே முறைதான். அந்த எஃப்.டி.ஏ. விஷயம் மூன்று வேளையும் தின்கிற முழுத் தீவனத்தைப் பற்றியது. 2022 டிசம்பரில் அவர்களே, பொருட்படுத்தத்தக்க புதுத் தகவல் வந்தால் தவிர இனி இதைப் பற்றி அறிவிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள், தீவனம்தான் காரணம் என்று நிரூபிக்கப்படவும் இல்லை. நான் சுடுவது கட்டைவிரல் நகம் அளவு பிஸ்கட். தின்பண்டம் எதுவானாலும் ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் தெரியும். நான் கேட்டது மனிதர்களைப் பற்றி.

பீகிள்வீடு, அண்ணா நகர்

சண்டை வேண்டாம், எனக்கு ஒன்று சொல்ல வேண்டும், பல நாளாக உறுத்துகிறது.

சூப்பர் மார்க்கெட்டில் வேர்க்கடலை வெண்ணெய் வரிசையில் ஒரு தம்பி நின்றுகொண்டு போனில் ஏதோ செய்முறை பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் தொப்பி போட்ட லாப்ரடார். நாய்க்குப் பிறந்தநாள் கேக்கா தம்பி என்றேன், ஆமாம் ஆன்ட்டி, மாவே இல்லாமல், முட்டையும் வாழைப்பழமும் இதுவும் என்று சொல்லிக் கையிலிருந்த பாட்டிலைக் காட்டினான். சர்க்கரை சேர்க்காதது. உடம்புக்கு நல்லது என்று தேடித்தேடி எடுத்திருக்கிறான். நான் வாங்கித் திருப்பிப் பார்த்தேன், பொடி எழுத்தில் சைலிட்டால், சர்க்கரைக்குப் பதில் போடும் இனிப்பு.

நமக்கு அது விஷம் இல்லை. நாய்க்கு அது உள்ளே போனதும் இன்சுலின் எகிறி ரத்தச் சர்க்கரை அரை மணி, ஒரு மணி நேரத்தில் சரிந்துவிடும், அளவு கூடினால் ஈரலும் போகும். கிலோ எடைக்கு 0.1 கிராமிலேயே ஆபத்து ஆரம்பம். இதைச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான், அதற்குள் அவன் நண்பன் கூப்பிட, "பாத்துக்கறேன் ஆன்ட்டி" என்று பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே போய்விட்டான். திரும்ப அலமாரியில் வைத்தானா, பில் போட்டானா, தெரியவில்லை. பின்னாடியே ஓடிப் போய்ப் பிடுங்கியிருக்கலாமா என்று இப்போதும் தோன்றுகிறது. வறுத்த வேர்க்கடலையை உப்பில்லாமல் மிக்ஸியில் அரைத்தால் ஐந்து நிமிஷ வேலை.

மடிப்பாக்கம் அடுப்படி

என் கதை ஒரு வரி: மழைக்காலத்தில் ஊருக்குப் போய்த் திரும்பியபோது, மாமியார் பத்திரமாக எடுத்து வைத்த பிஸ்கட் பாட்டிலின் அடியில் பச்சையாகப் பூஞ்சை, மேலே இருந்தவை பார்க்கப் புதுசு போலவே இருந்தன, அத்தை மேலிருந்து ஒன்றை எடுத்து நாய்க்கு நீட்டிக்கொண்டிருந்தார்.

சென்னைக்காரர்கள் வெளிநாட்டுச் செய்முறையை அப்படியே எடுக்காதீர்கள். அதில் வெளியே வைத்தால் இரண்டு வாரம் தாங்கும் என்று எழுதியிருப்பார்கள், நம் ஊர்க் காற்றில் பூசணியும் கிழங்கும் போட்ட பண்டம் இரண்டு நாளில் நமுத்துவிடும். 160 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டு, அடுப்பை அணைத்துவிட்டு உள்ளேயே ஆற விடுங்கள், மிச்ச ஈரம் அந்தச் சூட்டில் போகும். ஒன்றை உடைத்துப் பாருங்கள், டக்கென்று முறிந்தால்தான் டப்பாவுக்குள் போகலாம், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நாலைந்து நாளுக்கு வேண்டியதைக் குளிர்பதனப் பெட்டியில், மீதியை ஃப்ரீசரில். சூடு ஆறாமல் மூடினால் மூடியில் வியர்க்கும், அந்தச் சொட்டுதான் பூஞ்சைக்கு ஆரம்பம்.

ஓவன் இல்லையென்றால் கனமான கடாயில் உப்பைப் பரப்பி, ஸ்டாண்டு வைத்து, மேலே தட்டில் அடுக்கி மூடிச் சிறு தீயில் சுடலாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கை மெல்லிய வில்லைகளாக அரிந்து குறைந்த சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் காய வைத்தால் மாவே வேண்டாம், முட்டை ஆகாத நாய்க்கும் அது சரி. கடலை மாவு சில நாய்களுக்கு வாயு, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், அவர்கள் தேங்காய் மாவுக்குப் போகலாம். ஆனால் அதே அளவு போடாதீர்கள், அது தண்ணீரை இழுத்துக்கொண்டு மணலாக உதிரும், கால் பங்கு போட்டு முட்டையைக் கூட்டுங்கள். கணைய அழற்சி வந்த நாய்க்குத் தேங்காயும் நெய்யும் பக்கமே வர வேண்டாம், கொழுப்புதான் அங்கே எமன். கருவாட்டுத் தூள் போடுகிறேன் என்று ஒருவர் போன மாதம் எழுதியிருந்தார், அந்த உப்பு ஆகாது, மத்தியை ஆவியில் வேகவைத்து முள்ளெடுத்துப் போடுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, ஜாதிக்காய் கூடாது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

குரோம்பேட்டை, ஓய்வு

எல்லாரும் மாவைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ராணிக்கு (ஜெர்மன் ஷெப்பர்டு கலப்பு) மாதக்கணக்கில் வயிறு சரியில்லை. என் மகள் வேலை முடிந்து வந்து இரவு பதினொரு மணிக்கு நின்று பிஸ்கட் சுடுவாள், ஒரு வாரம் நன்றாக இருக்கும், பிறகு மறுபடி பேதி, மகள் மறுபடி மாவை மாற்றுவாள். அவள் சுடுவதில் என்னதான் குறை என்று தினமும் அழுகை.

மலப் பரிசோதனை ஏற்கெனவே ஒரு தரம் செய்து ஒன்றும் இல்லை என்று வந்திருந்தது. புதிதாகப் பார்த்த டாக்டர், ஒரு மாதிரி போதாது, சில நாள் இடைவெளியில் மூன்று கொண்டுவாருங்கள் என்றார். கடைசி மாதிரியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம், லேப் பையன் வெளியே வந்து "அக்கா, நீங்களே வந்து பாருங்க" என்று மகளைக் கூப்பிட்டான். அவளுக்குப் பிறகு நானும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். பேரிக்காய் வடிவத்தில் பொடிப்பொடியாக, மரத்திலிருந்து விழும் இலை போலப் புரண்டு புரண்டு போகின்றன. ஜியார்டியா என்கிற குடல் ஒட்டுண்ணி. தண்ணீர் வழியாக வருவது, எல்லா மாதிரியிலும் சிக்காது.

மகள் அங்கேயே என் தோளில் சாய்ந்துவிட்டாள். அப்போ என் பிஸ்கட் இல்லைப்பா என்றாள். அந்தக் குரலை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. மருந்து கொடுத்து, ராணியைக் குளிப்பாட்டி, தண்ணீர்க் கிண்ணத்தைக் கொதிநீரில் கழுவி, சரியாகிவிட்டது. உடம்பு இளைத்து, திரும்பத் திரும்பப் பேதி போகிற நாய்க்கு முதலில் மூன்று மாதிரி பாருங்கள், அதன் பிறகு மாவைப் பற்றிப் பேசலாம்.

சிப்பிப்பாறைக்காரன், பெரம்பூர்

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. கோட்டூர்புரம் தங்கச்சி, நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லைதான். எங்கள் வீட்டில் என் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது. இனிமேல் அவனுக்குக் கோழி கிடையாது என்றதும் ஒரு வாரம் அம்மா சமையலறையில் கோழியே எடுக்கவில்லை, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாம் எப்படிச் சாப்பிடுவது என்றார். இப்போது அவர்தான் மத்தி வேகவைத்துக் கொடுக்கிறார்.

ஈசிஆர்வாசி

அடுப்படி அக்கா, முட்டைக்குப் பதில் ஜவ்வரிசி மாவு போட்டால் பிடித்துக்கொள்ளுமா? எங்கள் பையனுக்கு முட்டையும் சந்தேகத்தில் இருக்கிறது.

மடிப்பாக்கம் அடுப்படி

பிடித்துக்கொள்ளும். அது மரவள்ளி மாவுச்சத்துதான், தானியம் இல்லை. ஒரு கப் பூசணி விழுதுக்கு இரண்டு ஸ்பூன், வெந்நீரில் கரைத்துச் சேருங்கள், கூடினால் ரப்பர் ஆகிவிடும். முதல் தடவை ஒரே ஒரு துண்டு கொடுத்து இரண்டு நாள் பாருங்கள், அந்த இரண்டு நாளும் வேறு எதுவும் புதிதாகக் கொடுக்காதீர்கள்.