புல் ரிக்வெஸ்ட்டில் மட்டும் கமிட் மெசேஜ் காலியாக வருகிறது, உதவுங்கள்

பாயான் லெப்பாஸ் தம்பி:
வணக்கம். கோடைத் தானாக பில்ட் செய்யும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் பில்ட் முடிந்ததும் கமிட் மெசேஜை (மாற்றத்தோடு எழுதும் குறிப்பை) டெலிகிராம் குரூப்புக்கு அனுப்புகிறோம். 'கிட்ஹப்.இவென்ட்.ஹெட்_கமிட்.மெசேஜ்' என்றுதான் எடுக்கிறேன். மெயின் கிளைக்குப் புஷ் செய்தால் ஒழுங்காக வருகிறது. புல் ரிக்வெஸ்ட் (என் கிளையை மெயினில் சேர்க்கக் கேட்பது) திறந்தால் "புதிய பில்ட் தயார்:" என்பதோடு நின்றுவிடுகிறது. எர்ரரும் இல்லை, பச்சை டிக்தான். டெஸ்டர் அக்கா ஒவ்வொரு தடவையும் "எதை மாத்தினீங்க?" என்று கேட்டு எழுதுகிறார். சரி என்று கடைசிக் கமிட்டைக் காட்டும் 'கிட் லாக் -1' போட்டேன். "மெர்ஜ்" என்று தொடங்கி இரண்டு நீளமான ஹேஷ் (கமிட்டின் அடையாளக் குறி). அப்படி ஒரு மெர்ஜை இங்கே யாருமே செய்யவில்லை!

பிரிக்பீல்ட்ஸ்காரன்:
தம்பி, 'ஹெட்_கமிட்' புஷ் இவென்ட்டோடு மட்டும்தான் வரும். புல் ரிக்வெஸ்ட் இவென்ட்டில் அந்தப் பெயரே கிடையாது. இல்லாததைக் கேட்டால் கிட்ஹப் காலி எழுத்தைத் தந்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். அந்த மெர்ஜ் கிட்ஹப் தானாகச் செய்தது. உங்கள் கிளையை மெயினோடு சேர்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு தற்காலிகக் கமிட்டை உருவாக்கி, அதன்மேல்தான் டெஸ்ட்டை ஓட்டுகிறது. 'கிட்ஹப்.ஷா'வும் அதையே காட்டும்.

உங்கள் கமிட் அந்த மெர்ஜின் இரண்டாவது பெற்றோர் (முந்தைய கமிட்). கோடை இறக்கும் செக்கவுட் படியில் 'ஃபெட்ச்-டெப்த்' 2 என்று வையுங்கள். வழக்கமாக அது 1, அதனால் பெற்றோர் இறங்கவே இறங்காது. அப்புறம் 'கிட் லாக் -1' வரிக்குப் பின்னால் ஹெட், தொப்பிக்குறி, 2 மூன்றையும் இடைவெளி இல்லாமல் சேர்த்துப் போடுங்கள். புஷ்ஷுக்குப் பழைய வழியே இருக்கட்டும். சிலர் 'புல்_ரிக்வெஸ்ட்.ஹெட்.ஷா'வையே செக்கவுட் செய்யச் சொல்வார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை, மெர்ஜ் ஆன பிறகு உடையுமா என்ற சோதனையே போய்விடும்.

ஜாலான் மஸ்ஜித் இந்தியா:
இதோடு இன்னொன்று. மெசேஜை இரட்டை நெளி அடைப்புக்குறிக்குள் போட்டு நேராக 'ரன்' வரியில் ஒட்டியிருக்கிறீர்களா? ஷெல் பார்ப்பதற்கு முன்பே கிட்ஹப் அந்த எழுத்தை ஸ்கிரிப்டுக்குள் பதித்துவிடும். யாராவது மெசேஜில் ஒரு மேற்கோள் குறியையும் அதன்பின் ஒரு கட்டளையையும் எழுதினால் அது உங்கள் ரன்னரில் (பில்ட் ஓடும் கணினியில்) ஓடும். 'என்வ்' பகுதியில் ஒரு மாறியாக வைத்து, ஸ்கிரிப்டில் அந்த மாறியை மேற்கோளுக்குள் பயன்படுத்துங்கள். கமிட் மெசேஜ், கிளைப் பெயர், புல் ரிக்வெஸ்ட் தலைப்பு எல்லாமே வெளியாள் எழுதக்கூடியவை.

பாயான் லெப்பாஸ் தம்பி:
பசியாறிவிட்டு வந்து உட்கார்ந்து மாற்றினேன், வந்துவிட்டது! நன்றி அண்ணே. 'என்வ்'வுக்கும் மாற்றிவிட்டேன். ஆனால் மெசேஜோடு 'டேட்' கட்டளை தரும் நேரத்தையும் அனுப்புகிறேன், அது 8 மணி நேரம் பின்தங்கியே காட்டுகிறது.

பிரிக்பீல்ட்ஸ்காரன்:
கிட்ஹப்பின் ரன்னர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடுகிறது. அதே 'என்வ்'வில் 'டிசெட்' என்ற மாறிக்கு 'ஏசியா/கோலாலம்பூர்' கொடுங்கள், ஆங்கிலத்தில் எழுதும்போது கோலா, லம்பூர் இரண்டுக்கும் நடுவே அடிக்கோடு வேண்டும். நீங்கள் இருக்கும் பினாங்குக்கென்று தனி நேர மண்டலம் கிடையாது லா.