குறிப்பெல்லாம் நாலு இடத்தில் கிடக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு தினமும் மின்சார ரயிலில் போகிறேன். தோன்றுவதையெல்லாம் அந்த நெரிசலில் ஒரு கையால் தட்டி வைப்பதுதான் பழக்கம். மளிகைச் சீட்டு கூகுள் கீப்பில், மீட்டிங் குறிப்புகள் நோஷன் செயலியில், மீதியெல்லாம் வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பியவை. போன வாரம் இபி சர்வீஸ் நம்பரைத் தேடியே அரை மணி நேரம் போனது. (கடைசியில் சமையலறைக் காலண்டரின் பின்பக்கம் இருந்தது!)

எல்லாவற்றையும் அப்சிடியன் என்ற குறிப்பெழுதும் செயலிக்கு மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். குறிப்புகள் மார்க்டவுன் என்னும் சாதாரண எழுத்துக் கோப்புகளாக நம்மிடமே இருப்பது பிடித்திருக்கிறது. ஆனால் போனிலும் லேப்டாப்பிலும் குறிப்புகளை ஒன்றுபோல் வைத்திருக்கும் அதன் சிங்க் சேவைக்குக் காசு. ஆண்ட்ராய்டு போனையும் விண்டோஸ் லேப்டாப்பையும் நீங்கள் எப்படி இணைக்கிறீர்கள்? அப்புறம், ஃபோல்டரே போதுமா, டேக்கும் வேண்டுமா? தமிழில் குறிப்பெழுதுகிறவர்கள் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.