ஊரில் குழந்தைகள் இல்லம்: டோனாவூர் அம்மாவை முன்வைத்துச் சில வார்த்தைகள்

வெளியூர்களில் வாழும் நம் ஊர்ச் சங்க உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு ஊரில் சங்கத்தின் பெயரில் ஒரு இல்லம் கட்டலாம் என்று துபாய்த் தம்பிகள் எழுதிய மடலைப் படித்தேன். சிங்கப்பூர் அண்ணாச்சி தன் இடத்தைத் தருவதாகச் சொன்னதையும் படித்தேன். மனசு நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த மடல்களில் கட்டடம், செலவு, கல்வெட்டு எல்லாம் பேசியாகிவிட்டது. அந்தப் பிள்ளைகளோடு ராத்திரி யார் தங்குவார்கள் என்ற பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

டோனாவூர் நமக்கெல்லாம் தெரிந்த ஊர். ஏர்வாடி, களக்காடு பக்கம் போகிறவர்கள் அங்குள்ள குழந்தைகள் இல்ல வளாகத்தைத் தாண்டித்தான் போயிருப்போம், நம்மில் சிலர் அங்கே ஆஸ்பத்திரிக்கும் போயிருப்போம். அதை உண்டாக்கிய ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கதை இளைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வட அயர்லாந்தில் மில்லைல் என்ற கடற்கரைக் கிராமத்தில் 1867-இல் பிறந்தவர். 1895-இல் இந்தியா வந்தார். திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்வதுதான் அவர் வந்த வேலை. பிள்ளைகளை வளர்க்கும் எண்ணமே அப்போது இல்லை. 1901 மார்ச்சில் பண்ணைவிளையில் தங்கியிருந்தபோது பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமியை ஒரு பெண் அவரிடம் கொண்டுவந்து விட்டாள். கோயிலுக்குத் தேவதாசியாகப் பொட்டுக்கட்டுவதற்காக வைக்கப்பட்டிருந்த பிள்ளை. முன்பே ஒரு தடவை தப்பித்துத் தூத்துக்குடியில் இருந்த பெற்ற தாயிடம் ஓடியிருக்கிறாள். தேடி வந்தவர்கள் கையில் தாயே பிள்ளையை ஒப்படைத்துவிட்டாள். தண்டனையாகக் கையில் சூடு போட்டிருந்தார்கள். இந்தத் தடவை வந்தவள் ஏமியின் மடியில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் நடித்தே காட்டினாளாம்.

அந்த ஒரு பிள்ளைக்குப் பிறகு ஊர் ஊராகப் போகும் வேலை மெல்ல நின்றது. குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி அலைவது? டோனாவூரில் தங்கிவிட்டார். 1913-க்குள் 130 பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். 1918 முதல் ஆண் பிள்ளைகளையும் எடுத்தார்கள்.

இதில் ஏமி ஒருவரையே புகழ்வது நியாயமில்லை. பொன்னம்மாள் என்ற நம் பக்கத்துப் பெண், இளம் விதவை. கைக்குழந்தைகளை நெய்யூரில் வைத்து வளர்க்கும் பொறுப்பு முழுக்க அவர் தலையில் இருந்தது. நெய்யூரில்தான் மிஷன் ஆஸ்பத்திரியும் டாக்டரும் இருந்தார்கள், டோனாவூரிலிருந்து அங்கே மாட்டு வண்டியில்தான் போகவேண்டும். வயிற்றுக்கடுப்பு பரவிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோதும் மிச்சமிருந்த குழந்தைகளை விட்டு அவர் நகரவில்லை. 1915-இல் புற்றுநோயில் இறந்தார். சங்கம் எதற்காவது ஒரு பெயர் வைப்பதாக இருந்தால் பொன்னம்மாள் பெயரை நான் முன்மொழிவேன்.

டோனாவூரில் பிள்ளைகளைப் பெரிய கூடத்தில் வரிசையாகப் படுக்க வைக்கவில்லை. சின்னச் சின்ன வீடுகள், வீட்டுக்கு ஒரு அக்கா. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களையும் பிள்ளைகள் சித்தி, அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். ஏமி எல்லாருக்கும் அம்மா. யாருக்கும் சம்பளம் கிடையாது. பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கு, அங்கே வந்து சேர்ந்த நாளையே ‘வந்த நாள்’ என்று கொண்டாடினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

1931-இல் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது, வெட்டிப் போட்டிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் தன் அறைக்குள்தான். படுக்கையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார். 1951 ஜனவரியில் அங்கேயே இறந்தார். 1895-இல் வந்தவர் ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. கல்லறைக்குக் கல் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டதால், பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்து ‘அம்மா’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

அவருடைய மதப் பிரசாரம் பற்றியும், நம் வழக்கங்களைப் பற்றி அவர் கடுமையாக எழுதியது பற்றியும் இந்தக் குழுவில் பலருக்கு வருத்தம் உண்டு. அந்த வருத்தத்தில் நியாயமும் உண்டு. பிள்ளையைக் கடத்தினார் என்று அந்தக் காலத்திலேயே வழக்குகள் வந்தன. ஆனாலும் பிள்ளையை எடுத்தவர் கடைசிவரை பிள்ளையின் பக்கத்திலேயே இருந்தார் என்பதை யாரும் மறுக்க முடியாது.

நாம் எல்லாரும் வெளியூரில் இருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் கொடைக்கோ கிறிஸ்துமஸுக்கோ பெருநாளுக்கோ வருகிறோம். நம்மால் பணம் தர முடியும், கூட இருக்க முடியாது. கூட இருக்க முடியாதவர்கள் இல்லம் நடத்தக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, ஒரு பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. முதலில் பார்க்கவேண்டியது சொந்தக் குடும்பத்தை. எந்த இல்லமானாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். செய்யாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். நாமாகப் பார்த்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து வைக்க முடியாது, அரசு அமைத்திருக்கும் குழந்தைகள் நலக் குழு வழியாகத்தான் வரவேண்டும்.

அப்பாவை இழந்து ஆச்சி வீட்டில் வளரும் பிள்ளைகள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அந்த ஆச்சிக்கு மாசாமாசம் பணம் போய்ச் சேர்ந்தால் பிள்ளை எங்கேயும் போகவேண்டியதில்லை. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. விண்ணப்பம் எழுத, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அலைய ஆள் இல்லாததால் பலருக்கு அது கிடைப்பதில்லை. ஊரிலேயே இருக்கும் படித்த பெண் ஒருவருக்குச் சங்கம் சம்பளம் கொடுத்து இந்த வேலையைச் செய்யச் சொல்லலாம். அவர் வாரம் ஒருமுறை அந்த வீடுகளுக்குப் போகட்டும். பள்ளிக்கூடம், உடம்பு, வீட்டு நிலைமை எல்லாம் விசாரிக்கட்டும். சரி, கட்டடத்துக்கென்று சேர்ந்த பணம்? அதை வைப்பு நிதியில் போட்டு வட்டியில் சம்பளம் கொடுக்கலாம்.

ஊரில் இருக்கும் பெரியவர்கள், அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை என்று விசாரித்து அடுத்த கூட்டத்துக்குள் செயலாளரிடம் சொல்லுங்கள். பிள்ளைகளின் பெயரை மடலில் எழுதவேண்டாம், நேரில் சொன்னால் போதும்.