ஹைலக்ஸுக்கு 75 மி.மீ. லிஃப்ட்டா, 40 மி.மீ. போதுமா? டயர் எந்த அளவு?

மணல்தடம் (டர்பன்)

வணக்கம். வண்டி 2018 டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் 2.8 ஜிடி-6, டபுள் கேப், ஃபோர் பை ஃபோர். கம்பெனி ஸ்பிரிங், கம்பெனி டயர் 265/65 ஆர்17 (அகலம் 265 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம்). முன்னால் இரும்பு புல்பார் இருக்கிறது, வின்ச் இல்லை. பின்னால் கேனபி (பின்தொட்டியை மூடும் கூடு). வாரநாளில் என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய்வரும் வண்டி. விடுமுறையில் சானி பாஸ் மலைப்பாதை, கோசி பே பக்கத்து மணல் பாதைகள், வேறொன்றும் இல்லை.

ஒரு கடையில் முன்பக்க ஷாக் தலைக்கு ஸ்பேசரும் (இடைத்துண்டு) பின்பட்டைக்கு (பின்பக்க லீஃப் ஸ்பிரிங்) அடியில் கட்டையும் வைத்து வண்டியை 75 மி.மீ. ஏற்றி (லிஃப்ட்), 285/70 ஆர்17 டயர் போடலாம் என்கிறார்கள். இன்னொரு கடையில் முழு ஸ்பிரிங், ஷாக் செட் மாற்றி 40 மி.மீ. போதும் என்கிறார்கள். விலையில் பெரிய வித்தியாசம். எது சரி? ஏற்றியபின் எதெது கெடும்? விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

அச்சாணி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தம்பி, முதலில் எது எதைத் தூக்குகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் தூக்குவது பாடியையும் சேசிஸையும். பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃப் (டிஃபரன்ஷியல்) உருண்டை லிஃப்ட்டால் ஒரு மில்லிமீட்டர்கூட எழும்பாது. அதைத் தூக்குவது டயர் மட்டும்தான். சானியின் கல்படியில் முதலில் தட்டுவது அந்த உருண்டைதான். அதனால் டயரை முதலில் முடிவு செய்யுங்கள், அந்த டயர் உரசாமல் சுற்ற எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே லிஃப்ட்.

கணக்கு இது. 265/65 ஆர்17 டயரின் விட்டம் 776 மி.மீ. 265/70 ஆர்17 போட்டால் 803. 285/70 ஆர்17 என்றால் 831. டிஃபுக்குக் கிடைப்பது விட்ட வித்தியாசத்தில் பாதி: முதலாவதில் 13 மி.மீ., இரண்டாவதில் 27 மி.மீ.

இதற்கு விலை ஸ்பீடோமீட்டரில் தெரியும். 803-இல் முள் 120 காட்டும்போது சக்கரக் கணக்குப்படி 124. 831-இல் 128, என்3 கேமராவுக்கு அது போதும். கம்பெனி மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும் வழக்கம் உண்டு. அதை நம்பாமல் டயர் மாற்றியதும் ஜிபிஎஸ் வைத்து ஒத்துப்பாருங்கள். 831-இல் வண்டி ஓடோமீட்டர் காட்டுவதைவிட 7 சதவீதம் கூடுதலாக ஓடும். 10,000 கி.மீ. சர்வீஸ் என்று நீங்கள் போகும்போது வண்டி உண்மையில் 10,700 ஓடியிருக்கும். டீசல் அதிகம் குடிக்கிறது என்று பலர் சொல்வதில் ஒரு பங்கு இந்தத் தப்புக் கணக்குதான்.

இன்னொன்று, பெரிய டயர் கியரை உயரமாக்கும். லோ ரேஞ்ச் (மெதுவேகத்துக்கான கியர் வரிசை) முதல் கியரில் சானியை இறங்கும்போது 831-இல் எஞ்சின் பிடித்து நிறுத்துவது ஏறத்தாழ 7 சதவீதம் குறையும், அந்த வேலை பிரேக்குக்குப் போகும். உங்கள் உபயோகத்துக்கு என் தேர்வு 265/70 ஆர்17, ஆல் டெரெய்ன், 40 மி.மீ. லிஃப்ட்.

கோசி மணல்

அச்சாணி அண்ணன் சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மணலுக்கு 285-ஐ அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட வேண்டாம். காற்றை இறக்கியதும் விட்டம் பெரிய டயரின் தடம் நீளமாக விழும், மணலில் வண்டியை மிதக்க விடுவது அந்த நீளம். மபிபி, பாங்கா நெக் போகும் பாதைகளில் நடுவே மேடும் இருபுறம் ஆழமான தடமுமாக இருக்கும், 27 மி.மீ. அங்கே நன்றாகத் தெரியும்.

ஆனாலும் அகலம் வேண்டும் என்பதற்காக மட்டும் 285 வாங்காதீர்கள். அகலம் தருவது சிறிது, காற்று இறக்குவது தருவது பெரிது. தார்ச்சாலையில் 2.2, 2.4 பார் இருக்கும் டயரை மணல் தொடங்கும் இடத்திலேயே 1.2-க்கு இறக்குங்கள். இளகிய மணலில் 1.0. சிக்கிக்கொண்டால் மட்டும் 0.8, அப்போது ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் வந்ததும் உடனே ஏற்ற வேண்டும், கம்ப்ரெஸர் வண்டியிலேயே இருக்கட்டும். கடற்கரையில் இறங்கி ஓட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். நான் சொல்வது உள்நாட்டு மணல் பாதைகளை.

பக்கிப்பட்டறை (சாட்ஸ்வொர்த்)

ஸ்பேசர் வேலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹைலக்ஸ் முன்பக்கத்தில் ஷாக், கீழ்க்கையின் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கீழ் ஆர்ம்) நடுவில் உட்கார்ந்திருக்கிறது, சக்கரம் கையின் நுனியில் இருக்கிறது. அதனால் ஷாக் தலையில் வைக்கும் ஸ்பேசரைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்கரத்தில் தெரியும். 75 மி.மீ. உயர்த்த 40 மி.மீ. கிட்ட ஸ்பேசர் போதும். பார்க்க மலிவு, ஆனால் ஷாக்கின் நீளம் மாறவில்லை, அது தொங்கும் இடம் மட்டும் கீழே வந்துவிட்டது. சக்கரம் முழுக்கத் தொங்கும்போது கீழ்க்கை கம்பெனி எல்லையைத் தாண்டி இறங்கும். மேற்கையின் (மேல் ஆர்ம்) நுனியிலுள்ள பால் ஜாயின்ட் ஓரத்தில் முட்டும், முன் சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் சிவி ஜாயின்ட் வளையக்கூடாத கோணத்துக்குப் போகும். மேல்நோக்கியும் கேடு: கை பம்ப் ஸ்டாப்பை (முட்டுத் தடுப்பு ரப்பர்) தொடும் முன்பே ஷாக் உள்ளே இரும்போடு இரும்பு முட்டும். சானியில் ஒரு நாள் ஏறி இறங்கினால் ஷாக்கில் எண்ணெய்க் கசிவு தொடங்கலாம்.

பின்னால் கட்டை வைப்பதும் நல்லதல்ல. ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே நெம்புகோல் நீளமாகி, முதல் கியரில் இழுக்கும்போது பட்டை எஸ் வடிவில் முறுக்கிக்கொள்ளும். ஷாக்கிளை (பட்டையின் நுனியைத் தொங்கவிடும் இணைப்பு) நீட்டி ஏற்றுவதும் அப்படித்தான், 50 மி.மீ. நீட்டினால் 25 மி.மீ.தான் கிடைக்கும், டிஃப் மூக்கின் கோணமும் திரும்பிவிடும்.

50 மி.மீ.க்கு மேல் போனால் மேற்கையையும் மாற்ற வேண்டும், காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) திரும்பி வர வேறு வழி இல்லை. பலர் முன் டிஃபை 25 மி.மீ. போல இறக்கும் கிட்டும் போடுகிறார்கள். இறக்கிய டிஃப் முன்னால் தந்த உயரத்தில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். 40 மி.மீ.யில் நிறுத்தினால் இந்த இரண்டு செலவுமே பெரும்பாலும் வராது.

இப்போது மாட்டும் விதம். பட்டறையில் நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள்.

கழற்றும் முன் நாலு சக்கரத்திலும் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு ஓரம்வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் மாறியதும் அந்த எண் பயன்படாது.

டர்பன் உப்புக்காற்றில் ஓடும் வண்டியில் கீழ்க்கையின் கேம் போல்ட் (அலைன்மென்ட் சரிசெய்யத் திருப்பும் போல்ட்) புஷ் (ரப்பர் உறை) குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். மூன்று நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் தெளித்து வையுங்கள். வேலை தொடங்கும் முன் அது திரும்புகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். திரும்பாவிட்டால் அலைன்மென்ட் செய்யவே முடியாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும், புஷ்ஷும் போகும். புது கேம் போல்ட் செட் கையில் இருப்பது நல்லது.

அடுத்தது, அதிகம் கெடுக்கிற தப்பு. கைகளின் புஷ் ரப்பர் இரும்புக் குழாயோடு ஒட்டிய ரப்பர். அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். வண்டி பட்டறைத் தூக்கியில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால் சக்கரம் தரைக்கு வந்ததும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். ஆறு மாதத்தில் கிழிந்து, குலுக்கலில் "கிறீச்" என்று கத்தும். கையால் போட்டுவிட்டு, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் நாலு முறை உருட்டி, சக்கரம் தரையில் இருக்கும்போதே டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பின்பட்டைக் கண், ஷாக்கிள் போல்ட்டுக்கும் இதுவே.

பட்டை மாற்றும்போது நடு போல்ட்டின் தலை ஆக்சில் இருக்கையின் குழிக்குள் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தபின்தான் யூ போல்ட். உட்காராமல் இறுக்கினால் ஆக்சில் கோணலாக நிற்கும், வண்டி நண்டு மாதிரி ஓடும். யூ போல்ட் புதிதாகவே இருக்கட்டும், பழையது நீண்டு போயிருக்கும். குறுக்குக் குறுக்காக, மூன்று நாலு தடவையாக, இரு காலிலும் மரை சமமாக வெளியே தெரியும்படி இறுக்க வேண்டும். 500 கி.மீ. ஓடியபின் திரும்ப இறுக்காதவர்களுக்கு நடு போல்ட் அறுந்துபோகலாம்.

பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் இரண்டும் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது, முன்னால் இருபுறமும் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, விறைப்பாக இல்லை என்று பாருங்கள். பின் ஆக்சிலுக்குக் கம்பி போகும் பிரேக் வால்வு உங்கள் வண்டியில் இருந்தால் அதன் பிராக்கெட்டையும் உயர்த்த வேண்டும். பின்பக்கம் உயர்ந்ததும் அந்த வால்வு வண்டி காலியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். சுமையோடு சானியை இறங்கும்போது அது ஆபத்து.

மணல்தடம்

அண்ணா, மிக்க நன்றி. ஸ்பேசர் கதை முடிந்தது. ஸ்பிரிங்கிலும் லைட், மீடியம், ஹெவி என்று மூன்று இருக்கிறதே, எதை எடுப்பது? பின்னாளில் வின்ச் போட எண்ணம்.

அச்சாணி

வண்டியில் எப்போதும் இருக்கும் எடைக்கு வாங்குங்கள், வருடத்தில் இரண்டு பயணத்தில் ஏற்றும் எடைக்கு அல்ல. இரும்பு புல்பார் 50 கிலோவுக்குக் குறையாது, வின்ச் கேபிளோடு இன்னொரு 40. போடுவது உறுதி என்றால் முன்னால் புல்பாரும் வின்ச்சும் தாங்கும் ஸ்பிரிங்கே எடுங்கள். உறுதி இல்லை என்றால் புல்பார் எடைக்கானது போதும். கனமான ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் அது 40-க்குப் பதில் 60, 65 ஏறி நிற்கும். ஷாக் ஏறத்தாழ முழு நீளத்துக்குத் தொங்கி, ஒவ்வொரு வேகத்தடையிலும் "டக்" என்று சத்தம் வரும். அதை ஷாக் பழுது என்று மாற்றுகிறவர்கள் உண்டு.

பின்பட்டைக்கு ஊகம் வேண்டாம். கேனபி, டிராயர், தண்ணீர், கருவி எல்லாம் ஏற்றி, டேங்க் நிறைத்து, வே-பிரிட்ஜில் முன் ஆக்சில் தனியாக, பின் ஆக்சில் தனியாக எடை பாருங்கள். பிறகு காலியாக ஒரு முறை. அந்த நாலு எண்ணையும் ஸ்பிரிங் கடையில் கொடுத்தால் பட்டை தானே முடிவாகிவிடும். ஹெவி பட்டை போட்டதால் வண்டித் தகட்டில் இருக்கும் மொத்த எடை வரம்பு கூடாது. இது பலருக்குத் தெரியவில்லை.

இன்ஷூரன்ஸுக்கு லிஃப்ட், டயர் அளவு, புல்பார் மூன்றையும் எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் சேர்த்த தாளை வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

கோசி மணல்

டயர் வாங்கும்போது இரண்டு விஷயம். எல்டி (லைட் டிரக்) வகைக்குப் பக்கச்சுவர் தடிமன், கல்லில் எளிதில் கிழியாது. ஆனால் அதே எடையைத் தாங்கக் காற்று கூடுதலாகக் கேட்கும். கதவுத் தகட்டில் இருக்கும் எண்ணோடு 0.3 பார் கூட்டித் தொடங்குங்கள். குளிர்ந்த டயரில் அளந்து, என்3-யில் ஒரு மணி நேரம் ஓட்டி, நிறுத்திய உடனே அளவுங்கள். 0.3, 0.4 ஏறியிருந்தால் சரி. அதற்கு மேல் ஏறினால் தொடக்கத்தில் காற்று குறைவு, டயர் சூடாகிறது. குறைவாக ஏறினால் காற்று அதிகம்.

ஐந்து டயரும் ஒரே அளவாக வாங்குங்கள். பழைய அளவு ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டி டிஃப் லாக் (இரு பின் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டுவது) போட்டால் இரு சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். 285 எடுப்பதானால் பக்கியின் (பிக்கப் வண்டி) அடியில் ஸ்டெப்னி இடத்தில் நுழைகிறதா என்று பணம் கட்டும் முன் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரிம் மாற்றாதீர்கள். கம்பெனி ரிம் ஈடி30 (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து மாட்டும் முகம் 30 மி.மீ. வெளிப்பக்கம்). ஈடி0 போட்டால் ஒவ்வொரு சக்கரமும் 30 மி.மீ. வெளியே வரும், திரும்பும்போது டயர் பெரிய வட்டம் போட்டு மட்கார்டின் பின் ஓரத்தில் உரசும், பேரிங்குக்கும் சுமை கூடும்.

மணல்தடம்

265/70, ஆல் டெரெய்ன் எல்டி, ஐந்து. 40 மி.மீ. செட், முன்னால் புல்பார் எடைக்கான ஸ்பிரிங். சனிக்கிழமை எடை பார்க்கிறேன். டயரை முதலில் மாட்டட்டுமா, எல்லாம் சேர்த்தா?

பக்கிப்பட்டறை

டயரை முதலில் மாட்டுங்கள் தம்பி. கம்பெனி உயரத்திலேயே முன் டயரின் இரு தோளிலும் சாக்பீஸ் தடவி, ஒரு முன் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஸ்டீயரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாகத் திருப்புங்கள். பிறகு மறுபக்கச் சக்கரத்தையும் அதேபோல். உள் பிளாஸ்டிக்கின் முன்பக்கத்திலும், பின்னால் மட்ஃபிளாப், பாடி மவுன்ட் பக்கத்திலும் வெள்ளைக் கோடு விழுகிறதா பாருங்கள். பிளாஸ்டிக்கில் விழுந்தால் ஹீட் கன் வைத்து உள்ளே அழுத்தலாம், கிளிப்பை நகர்த்தலாம். இரும்பில் விழுந்தால் லிஃப்ட் மாட்டும் முன்பே சொல்லுங்கள். லிஃப்ட் சக்கரத்தைக் கீழே இறக்குமே தவிர, மேட்டில் ஏறிச் சக்கரம் மேலே வரும்போது அதே இடத்துக்குத்தான் வரும்.

லிஃப்ட் மாட்டிய அன்றே அலைன்மென்ட், 1,000 கி.மீ.யில் இன்னொரு முறை. அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். காஸ்டர் டொயோட்டா எல்லைக்குள் இருக்க வேண்டும், இடது வலது வித்தியாசம் அரை டிகிரிக்குள். டோ (சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் கோணம்) மட்டும் சரிசெய்து "முடிந்தது" என்று அனுப்பினால் வண்டி நேர்ச்சாலையில் அலையும், திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. ஹெட்லைட்டையும் இறக்கி வைக்கச் சொல்லுங்கள், முன்பக்கம் உயர்ந்ததும் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

சாக்பீஸ் கோடு விழுந்த இடத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.