மனைவியின் சுபாவம்தான் குடும்பச் சண்டைக்குக் காரணமா?

கேள்வி: மதுரைத் தென்றல்

எதையும் எண்ணி எண்ணிக் கவலைப்படும் மனம் எனக்கு. ஒரு சொல் தடித்துவிட்டால் நாள்கணக்கில் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருப்பேன். வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் என் சுபாவமே காரணம் என்று கணவரும் மாமியாரும் சொல்கிறார்கள். உளவியலும் அப்படித்தான் சொல்கிறதா? நான் மாறிவிட்டால் சண்டை ஓய்ந்துவிடுமா?

பதில்: உளவியல் மாணவி

தொடர்பு இருப்பது உண்மை. எளிதில் பதறுவது, புண்படுவது, மனம் சோர்வது ஆகியவற்றைச் சேர்த்து உளவியலில் நியூராட்டிசிசம் என்பார்கள். மணவாழ்க்கையில் நிறைவு குறைவதோடு ஆளுமைப் பண்புகளில் மிகத் தெளிவாகத் தொடர்புபடுவது இதுதான். ஆனால் அது மனைவியிடம் மட்டும் தேடவேண்டிய பண்பு அன்று. அமெரிக்காவில் 1930களில் திருமணம் நிச்சயமாகியிருந்த 300 இணைகளை 1980 வரை பின்தொடர்ந்து கெல்லி, கான்லி என்ற இருவர் 1987இல் வெளியிட்ட ஆய்வு, மணவாழ்வின் போக்கோடு வலுவாகத் தொடர்புடையவையாக மூன்றைச் சுட்டியது: மனைவியின் நியூராட்டிசிசம், கணவரின் நியூராட்டிசிசம், கணவரின் சுயகட்டுப்பாட்டுக் குறைவு. மூன்றில் இரண்டு கணவரைச் சார்ந்தவை என்பதை உங்கள் வீட்டாரும் அறிவது நல்லது. பெண்களை மட்டும் அமர்த்திவைத்து வினாத்தாள் கொடுக்கும் ஆய்வுகள் பாதிப் படத்தையே காட்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பதில்: குடும்ப நல ஆலோசகர்

என்னிடம் வரும் தம்பதியரிடம், யாருக்கு என்ன குணம் என்று கேட்பதற்கு முன், கடைசியாக நடந்த சண்டையை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்வேன். பெரும்பாலும் அது ஒரே மாதிரி இருக்கும். கணவர் வேலை முடிந்து வந்து கைபேசியைச் சார்ஜில் போடுகிறார். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு என்ன ஏற்பாடு என்று மனைவி கேட்கிறார். "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார். மனைவியின் குரல் உயர்கிறது. கணவர் மறுநாளும் பேசுவதில்லை. கவலைப்படும் இயல்புடையவருக்கு அந்த மௌனமே பெரிய பாரம் என்பதால் அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகக் குரல் உயரும். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படுவதோ அந்தக் குரல் மட்டும்தான். கிறிஸ்டென்சன், ஹெவி ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், மனைவி மாற்றம் வேண்டிய விஷயத்தைப் பேசியபோதுதான் மனைவி வற்புறுத்துவதும் கணவர் விலகுவதும் மிகுதியாக இருந்தது. கணவர் மாற்றம் வேண்டிய விஷயத்தில் அந்த வேறுபாடு தென்படவில்லை. ஆகவே நச்சரிப்பது பெண்ணின் பிறவிக்குணம் என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள்.

சுபாவம் மாறுமா என்ற கேள்விக்கு, ஓரளவு மாறும். 207 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த பகுப்பாய்வு, சிகிச்சையால் ஆளுமைப் பண்புகள் மாறுவதையும், பதற்ற இயல்பு தணிவதே அவற்றில் முதன்மையான மாற்றம் என்பதையும் காட்டியது. இருப்பினும் நீங்கள் மட்டும் ஆலோசனைக்கு வருவதைவிட இருவரும் வருவதையே நான் விரும்புவேன். மாமியாரை முதல் அமர்வுக்கு அழைத்து வரவேண்டாம்.

பதில்: வழக்கறிஞர், திருச்சி

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அடி, மிரட்டல், கைச்செலவுக்குப் பணம் தராமல் முடக்குவது போன்றவை இருந்தால் அங்கே சுபாவத்தைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனரீதியான, பொருளாதாரரீதியான கொடுமையையும் வன்முறையாகவே கொள்கிறது. 181 என்ற மகளிர் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

மதுரைத் தென்றல்:

அப்படி எதுவும் இல்லை, ஐயா. மௌனம்தான். ஆலோசகர் அம்மா சொன்ன மொட்டைமாடி எங்கள் வீட்டிலும் உண்டு. இருவருமாக வருவதைப் பற்றி இந்த வாரமே அவரிடம் பேசுகிறேன்.