மூன்றாவது பீரியடிலேயே குரல் கம்மிவிடுகிறது, என்ன செய்யலாம்?

தாராவி டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். தாராவியில் தமிழ் மீடியம் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 54 பிள்ளைகள், தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் நான் பேசுவது முன் பெஞ்சுக்கே கேட்பதில்லை. கத்திக் கத்தி மூன்றாவது பீரியடில் தொண்டை கட்டிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தேறும், செவ்வாய்க்கிழமை பழையபடி. ஒரு மாதமாக இதே கதைதான். ராத்திரி மகளுக்குக் கதை சொல்லக்கூட குரல் இல்லை. சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் பார்த்தாயிற்று. இரண்டு நாளாக கிசுகிசுவென்று பேசிப் பார்க்கிறேன்.

செம்பூர் கணக்கு டீச்சர்:
முதலில் அந்தக் கிசுகிசுப்பை விடுங்கள் டீச்சர். அப்படிப் பேசும்போது நம்மில் பலர் தொண்டையை இன்னும் இறுக்கிக்கொள்கிறோம். மெதுவாக, ஆனால் சொந்தக் குரலில் பேசுங்கள்.

2009-இல் எனக்கும் இதேதான். குரல்நாணில் காய்ப்பு என்றார்கள். அம்மி அரைத்த கையில் விழுமே, அதே மாதிரி. பெண்கள் பேசும்போது குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று மோதும். கத்தினால் ஒவ்வொரு மோதலும் பலமாக விழும். எனக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. பாந்த்ராவில் பேச்சு, செவித்திறன் குறைபாடுகளுக்கான அலி யாவர் ஜங் நிறுவனம் இருக்கிறது, அங்கே பேச்சுப் பயிற்சிக்குப் போனேன். மூன்று வாரம் தாண்டிய கம்மலை விட்டுவைக்கக் கூடாது. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.

வகுப்பில் நான் மாற்றிக்கொண்டது ஒன்றுதான், சத்தத்தோடு போட்டி போடுவதில்லை. சுற்றிலும் இரைச்சல் ஏறினால் நம் குரலும் தானாக ஏறும். லொம்பார் என்ற பிரெஞ்சு டாக்டர் 1911-லேயே இதை எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்கும் அதே கதைதான். நீங்கள் உரக்கப் பேசினால் அவர்களும் உரக்கப் பேசுவார்கள். அதனால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, நடுப் பெஞ்சுக்கு நடந்துபோய் நிற்பேன். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாரம் அவர்களே “டேய், டீச்சர் நிக்கிறாங்க” என்று ஒருவரையொருவர் அடக்கினார்கள். மீதி வாக்கியத்தைச் சாதாரணக் குரலில், கடைசிச் சொல்லை விழுங்காமல் முடிப்பேன். கடைசி பெஞ்சுக்கு நாம் சொல்வது புரியாமல் போவது பெரும்பாலும் அந்தக் கடைசிச் சொல்லில்தான்.

முலுண்ட் சார்:
எங்கள் பள்ளி ரயில் பாதையை ஒட்டி. லோக்கல் போகும்வரை பேசவே மாட்டேன், அந்த நேரத்தில் தண்ணீர் இரண்டு மடக்கு. பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவதையும் நிறுத்தினேன். எழுதும்போது எழுத்து மட்டும், திரும்பிய பிறகுதான் பேச்சு. தொண்டையைச் செருமும் பழக்கம் இருந்தால் விடுங்கள், அதுவும் குரல்நாணுக்கு அடிதான்.

தாராவி டீச்சர்:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி சார். இன்று காலை நல்ல மழை. கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு நாலு நாலு பேராகப் பேசச் சொன்னேன். ஒவ்வொரு கூட்டத்திடமும் குனிந்து நின்று பேசினேன், மூன்றாவது பீரியடிலும் குரல் இருந்தது. சனிக்கிழமை டாக்டரிடம் போகிறேன். பாந்த்ராவில் என்ன பயிற்சி கொடுத்தார்கள் அக்கா?

செம்பூர் கணக்கு டீச்சர்:
ஸ்ட்ராவின் ஒரு முனையை தம்ளர் தண்ணீரில் கொஞ்சமாக அமிழ்த்தி, “ஊ” என்று குமிழி வர ஊத வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். நான் இன்றும் காலையில் ஸ்டாஃப் ரூமில் செய்கிறேன். உங்கள் தொண்டையைப் பார்த்தபின் டாக்டர் சொல்வதையே செய்யுங்கள்.